அத்தையின் கரண்டி

கோத்தகிரி பக்கம் யாருக்காவது பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "நினைவு இருக்கா?" என்பதுதான். பேச்சு வரவில்லை என்று நாம் சொன்னதும், "பாவம், நினைவு தப்பிருச்சு" என்று அவர்களே முடிவும் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் கட்டிலில் இருக்கிறவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாப்பிட்டாங்களா, மாத்திரை போட்டாங்களா என்று எல்லாம் வீட்டுக்காரர்களிடம்தான். பேச்சு போனால் அறிவும் போயிற்று என்ற இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை என் அத்தையோடு இருந்து பார்த்திருக்கிறேன். மொழியையும் மூளையையும் பற்றி அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததும் அவருக்காகத்தான்.

அத்தை அப்பாவின் அக்கா. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்த முதல் கணக்கில் எங்கள் குடும்பமும் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அத்தைக்கு வேலை. ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை, பக்கத்து ஊர்ப் படகர் வீட்டுத் தோட்டங்களுக்குப் போய் இலை பறித்துக் கொடுத்தார். அங்கே படகமொழியும் ஓரளவு பழகிக்கொண்டார். எங்கள் வீட்டில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், சின்னப்பிள்ளைகூட அத்தையைத்தான் காட்டும்.

போன பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை அவருக்கு வலது கை இழுத்துக்கொண்டது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சை நடத்துவது இடது பக்கம்தான். கை மெல்ல மெல்லத் திரும்பியது. சொற்கள் அப்படித் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்து இடது கையை நீட்டி, சட்டிக்குள் கிண்டுவதுபோல ஒரு சுழற்றுச் சுழற்றினார். "அந்த... அத எடு... தட்டு." சொன்ன உடனேயே முகத்தைச் சுளித்து, தலையை வேகமாக ஆட்டினார். தட்டு இல்லை என்று அவருக்கே தெரிகிறது. மறுபடியும், "க... கண்... கண்டரி." இதற்கும் தலையாட்டல், ஆனால் கொஞ்சம் மெதுவாக. கிட்டத்தில் வந்துவிட்டேன், இன்னும் சரியாகவில்லை என்பதுபோல. நான் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கியவர் நேராகக் குழம்பில் விட்டு, ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்து, உப்பு ஜாடியைக் கைகாட்டினார். குழம்புக்கு உண்மையிலேயே உப்பு போதவில்லை.

அந்த இரண்டு தவறான சொற்களைப் பாருங்கள். இரண்டும் ஒரே வகைத் தவறு இல்லை. "தட்டு" என்பது கரண்டிக்குப் பக்கத்தில் புழங்கும் பொருள். ஒலியில் இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது, அர்த்தத்தில்தான் அக்கம்பக்கம். "கண்டரி"க்கு அர்த்தமே இல்லை, ஆனால் கரண்டியின் ஒலிகள் முழுக்க அதில் இருக்கின்றன, வரிசை மட்டும் மாறிவிட்டது. முதல் தவறு அர்த்தத்தின் பக்கத்தில் நடந்தது, இரண்டாவது ஒலியின் பக்கத்தில். ஒரு சொல் மூளைக்குள் ஒரே துண்டாக, அர்த்தமும் ஓசையும் ஒட்டியபடி ஒரே இடத்தில் இருந்தால் இப்படி இரண்டு விதமாகத் தவற வழியில்லை. இருந்தால் முழுசாக வரவேண்டும், இல்லாவிட்டால் வரவே கூடாது.

மொழி உளவியலாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1980-ல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் வில்லெம் லெவெல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். அவர்கள் கணக்குப்படி பேசுகிறவர் ஒரு சொல்லை இரண்டு கட்டமாக எடுக்கிறார். முதலில், சொல்ல வந்த பொருளுக்குரிய சொல் தேர்வாகிறது. அந்தக் கட்டத்தில் அதற்கு அர்த்தமும் இலக்கணமும் உண்டு, ஓசை கிடையாது. அப்புறம்தான் அதன் ஒலிகள் எடுக்கப்பட்டு, அசை அசையாக அடுக்கப்பட்டு, வாய்க்குப் போகின்றன. எங்கள் டீ பாக்டரியில் இலை எடை எழுதும் நோட்டு ஒன்று, சம்பளப் பதிவேடு வேறொன்று. நடுவே ஆள் நம்பர்தான் இரண்டையும் இணைக்கும். எடை நோட்டில் ஆள் பத்திரமாக இருப்பார், நம்பர் அழிந்திருந்தால் பதிவேட்டில் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். அத்தைக்கு நடந்ததும் அதுதான்.

இத்தனையும் நடக்கும் வேகம்தான் என்னை மலைக்கவைக்கிறது. ஒரு படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், நல்ல நிலையில் இருப்பவர் வாய் திறக்க ஏறத்தாழ 600 மில்லி நொடி ஆகிறது. முக்கால் நொடிகூட இல்லை. அதற்குள் படம் கண்ணில் பட்டு, பொருள் விளங்கி, சொல் தேர்வாகி, ஒலி சேர்ந்து, நாக்குக்கு உத்தரவும் போய்விடுகிறது. இயல்பான பேச்சில் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள். தவறுவதோ ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். பல்லாயிரம் சொற்கள் குவிந்து கிடக்கும் இடத்திலிருந்து இந்த வேகத்தில், இந்தச் சுத்தத்தில் எடுக்கிறோம். யாரும் அதை ஒரு வேலையாக நினைப்பதில்லை. அத்தை ஒரு கரண்டிக்குப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு உறைத்தது.

நோய் இல்லாதவர்களுக்கும் இந்தப் பிளவு அவ்வப்போது தெரியும். "நுனி நாக்குல நிக்குது, வர மாட்டேங்குது" என்று தவிக்கிறோமே, அப்போது. 1966-ல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் இந்தத் தவிப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார்கள். அதிகம் புழங்காத சொற்களின் விளக்கத்தை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டி, சொல் என்னவென்று கேட்டார்கள். நுனி நாக்கில் நிற்கிறது என்று சொன்னவர்களிடம் அதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை முதல் எழுத்தைச் சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதையும் பெரும்பாலும் சரியாக ஊகித்தார்கள். இத்தாலிய மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். 1997-ல் கப்ரியெல்லா விலியோக்கோவும் உடன் ஆய்ந்தவர்களும் இத்தாலியரிடம் சோதித்தபோது, சொல்லே வாயில் வராத நிலையிலும் அது எந்தப் பால் என்பதை அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. சொல் தேர்வாகிவிட்டது, இலக்கணமும் கைக்கு வந்துவிட்டது. ஓசைதான் நடுவழியில் நிற்கிறது.

இந்த நடுவழி நிற்றல் பெயர்களில்தான் அதிகம். இங்கிலாந்தில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒருவரின் படத்தைக் காட்டி "இவர் பேக்கர், ரொட்டி சுடுபவர்" என்று தொழிலாகச் சொன்னால் பின்னால் நினைவுக்கு வருகிறது. அதே படத்தைக் காட்டி "இவர் பெயர் பேக்கர்" என்று சொன்னால் அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஓசை அதேதான். தொழிலாகக் கேட்கும்போது அடுப்பும் மாவும் வாசனையும் கடையும் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன, பல பக்கத்திலிருந்தும் வழி கிடைக்கிறது. பெயருக்கு அப்படி எதுவும் இல்லை, ஆளுக்கும் ஓசைக்கும் நடுவே ஒற்றை இழைதான். வயது ஏற ஏற இந்த இழை வலுவிழக்கிறது என்று டெபோரா பர்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் 1991-ல் எழுதினார்கள். முதியவர்களின் சொல்வளம் குறைவதில்லை, பல சமயம் இளைஞர்களைவிட அவர்களுக்குத்தான் சொற்கள் அதிகம் தெரியும். குறைவது ஓசைக்குப் போகும் வழியின் வலு.

நம் அம்மாக்கள் ஒரு பிள்ளையைக் கூப்பிட வீட்டிலிருக்கும் எல்லாப் பெயரையும் ஒரு சுற்றுச் சுற்றிவருவார்களே, அதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 1,700-க்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2016-ல் வெளியிட்டார்கள். குடும்பத்து ஆட்களின் பெயர்கள் குடும்பத்துக்குள்ளேயேதான் மாறுகின்றன, நண்பர் பெயர் நண்பர்களுக்குள். வீட்டு நாயின் பெயரும் அந்தக் குடும்ப வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பெயர் தவறினாலும் அன்பு தவறவில்லை என்று சொல்லத் தோன்றும். மூளை பெயர்களை யார் யாருக்கு வேண்டியவர் என்று கூட்டிவைக்கிறது என்பதுதான் அதற்குள் இருக்கும் சங்கதி.

இதையெல்லாம் அறியாத ஒரு மேசைக்கு முன்னால் அத்தையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது. பென்ஷனுக்கு ஒரு காகிதம். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "பாட்டி, உங்க மூத்த பையன் பேர் என்ன?" என்றார். அத்தை அவரை உற்றுப் பார்த்தார். வாய் அசைந்தது. தம்பி பெயர் வந்தது, பேரன் பெயர் வந்தது, ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்று தானே மறுத்தார். மேசைக்காரர் என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியலையே, எப்படிக் கையெழுத்து வாங்குறது?" என்றார். அத்தைக்கு அது காதில் விழுந்தது, புரிந்தது. இடது கையால் என் கைப்பேசியைப் பிடுங்கி, முகப்புப் படத்தில் இருந்த மூத்த மகனைத் தொட்டுக் காட்டி, அப்புறம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். கண்ணில் நீர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷிக்குத் தன் பிள்ளை யாரென்று தெரியுமா என்று அறிய உலகத்திலேயே மிகக் கடினமான வகைச் சொல்லைக் கேட்கிறார்கள், அது வரவில்லை என்றதும் ஒன்றும் தெரியாதவர் என்று எழுதிவிடுகிறார்கள். நான்கு படங்களை நீட்டி "எது உங்க பையன்?" என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

இந்த விஷயம் புதிதுமில்லை. 1861-ல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஒரே அசைதான், பெரும்பாலும் இரண்டு முறை சேர்த்து. ஆனால் கேட்பது அவருக்குப் புரிந்தது. எத்தனை ஆண்டுகளாக மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு விரல்களை விரித்து மடக்கிக் கணக்குச் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்த புரோக்கா, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார். 1874-ல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையைக் காட்டினார். பின்பகுதியில் சேதம் ஏற்பட்டால் பேச்சு சரளமாக ஓடும், ஆனால் அர்த்தம் குழம்பும், பிறர் பேசுவதும் சரியாக விளங்காது. ஆகவே பக்கவாதம் வந்த எல்லோருக்கும் எல்லாம் புரியும் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் புரியாது என்று முடிவுகட்டக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

அத்தைக்குக் கேட்பது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பது ஒரு சாயங்காலம் வெளிச்சமாகிவிட்டது. எதிரே இருக்கும் வீடு தெரியாத அளவுக்கு மிஸ்ட் இறங்கியிருந்தது. கீழே தோட்டத்துப் பாதையிலிருந்து யாரோ கத்தினார்கள். பாதிதான் மேலே வந்தது, "கர..." என்று. நாங்கள் தலை தூக்குவதற்குள் அத்தை எழுந்து, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த பின்வாசலைக் காட்டி "ஏ ஏ" என்று அதட்டினார். கரடி. எங்கள் பக்கம் குப்பைக்கும் பலாவுக்கும் கரடி வருவது சகஜம். கரடி படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் அப்போது அத்தைக்குச் சொல்லத் தெரியாது. பாதிச் சொல்லைக் கேட்டுப் பிள்ளைகளை உள்ளே இழுக்கத் தெரிந்தது.

கேட்பது எப்படி நடக்கிறது என்பதை வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் 1970-களில் விளக்கினார். சொல் முடியட்டும் என்று காது காத்திருப்பதில்லை. "கர" என்று விழுந்ததுமே அப்படித் தொடங்கும் கரண்டி, கரண்ட், கரகம், கரப்பான்பூச்சி, கரை, கரடி எல்லாம் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. அடுத்த ஒலி வர வர, பொருந்தாதவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. மிஞ்சி நிற்பதுதான் நாம் கேட்ட சொல். பேச்சின் நடுவே வரும் சொல்லைப் பெரும்பாலும் அது முடிவதற்கு முன்பே அடையாளம் கண்டுவிடுகிறோம், தொடங்கி 200 மில்லி நொடிக்குள்ளேயேகூட. ஒருவர் பேசுவதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லச் சொன்னால், கால் நொடி பின்தங்கி அப்படியே சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு என்று 1973-ல் அவர் காட்டினார். சூழலும் சேர்ந்து சல்லடை போடுகிறது. சாயங்காலம், மிஸ்ட், பதறிய குரல், இத்தனையும் இருக்கும்போது கரண்டியும் கரகமும் நிற்க முடியாது.

விடுபட்ட ஒலியையும் மூளை நிரப்பிக்கொள்கிறது. ரிச்சர்ட் வாரன் 1970-ல் ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்து, ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஓர் ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்கள் கிட்டத்தட்ட அனைவருக்கும் அந்தச் சொல் முழுசாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் போனில் மகளோடு அரைமணி நேரம் பேசுகிற தாய்மாருக்கு இந்த ஆய்வை விளக்கவே வேண்டாம்.

சொல்லுக்கு வழி தேடும்போது அத்தையிடம் இன்னொன்றும் கவனித்தேன். பால் வேண்டும் என்றால் சில சமயம் "ஹாலு" என்றார். அது படகமொழி. அவருக்குத் தாய்மொழி தமிழ், அந்தச் சொல் தோட்டத்தில் பிற்காலத்தில் பழகியது. இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் 1999-ல் செய்த சோதனையில், அஞ்சல்தலையை எடுக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னார்கள். அந்த ரஷ்யச் சொல் ஆங்கிலத்தின் மார்க்கர் போலத் தொடங்கும். கண் ஒரு கணம் பக்கத்திலிருந்த மார்க்கர் பேனாவுக்குப் போய் வந்தது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படகர் மொழிகளும் தமிழும் கன்னடமும் மலையாளமும் ஒரே சந்தையில் கலக்கும் நீலகிரியில் பலருக்கு இந்த விழிப்பு நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கும்.

எந்தச் சொற்கள் முதலில் திரும்பின என்று கேட்டால், பழையவை. குழாயை அவர் "பீலி" என்றார். தண்ணீர் விழும் இடத்துக்கு அங்கே இலங்கைத் தோட்டத்தில் சொல்வது அது, இங்கே வந்த பிறகு அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. வீட்டு முன்திண்ணை "இஸ்தோப்பு" ஆயிற்று. கவ்வாத்து, பிரட்டு, கங்காணி, அரைப்பேர் என்ற தோட்டத்து வேலைச் சொற்கள் எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. ஃப்ரிட்ஜும் ரிமோட்டும் வரவில்லை. சின்ன வயதில் கற்ற சொற்களை எவருமே வேகமாக எடுக்கிறார்கள், மூளை அடிபட்டாலும் அவைதான் அதிகம் தப்புகின்றன. இது பல மொழிகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று.

அதைவிட வியப்பு, தொடராக மனப்பாடமானவை. "இன்னைக்கு என்ன கிழமை?" என்றால் வராது. ஞாயிறு என்று நாம் எடுத்துக் கொடுத்தால் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஓடி, வியாழனில் நிறுத்திச் சிரிப்பார். சின்னதைத் தூளியில் போட்டால் தாலாட்டு முழுக்க, ஒரு சொல் பிசகாமல் பாடினார். அதே தாலாட்டில் வரும் கிளியைத் தனியாகச் சொல்லச் சொன்னால் திணறல். பேச்சு போனவர்களிடம் எண்ணிக்கையும் வசவும் பிரார்த்தனையும் பாட்டும் மிஞ்சியிருப்பதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியலாளர் 19-ம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். நினைத்துக் கட்டும் பேச்சு வேறு, தானாக ஓடும் பேச்சு வேறு என்றார் அவர். வாய் பழகிய தொடர் தனித்தனிச் சொல்லாக அடுக்கப்படுவதில்லை, மொத்தமாகப் புறப்படுகிறது. எங்கள் மலையிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து நீலகிரி மொழிகளை ஆராய்ந்த எம்.பி. எமனோ, தோடர் பாட்டுகளை ஏராளமாகத் திரட்டினார். எருமை, மந்து என்ற தோடர் குடியிருப்பு, ஆட்கள், சடங்கு என்று எதைப் பற்றியும் அங்கேயே புதிதாகப் பாட்டுக் கட்டிவிடுவார்கள். கட்டுவதற்கான துண்டுகள் ஏற்கனவே ஆகிவந்த சொற்றொடர்கள், இணை இணையாக வருபவை. எழுத்தே இல்லாமல் இவ்வளவையும் வாயில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

சரி, வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? எங்களுக்குக் கோயம்புத்தூரில் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தந்தவையும் நான் படித்தவையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. முழுச் சொல்லை அவசரமாக நாமே சொல்லிவிடக் கூடாது. அதற்காக அவரைத் தவிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டும் இருக்கக் கூடாது. கனடாவில் ஆமி வாரினரும் கரின் ஹம்ஃப்ரீஸும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத மாணவர்களை நுனி நாக்குத் தவிப்பில் 10 நொடி அல்லது 30 நொடி விட்டுப் பார்த்தார்கள். அதிக நேரம் தவித்தவர்கள் இரண்டு நாள் கழித்தும் அதே சொல்லில் மறுபடி சிக்கினார்கள். தவறான பாதையும் நடக்க நடக்கப் பழகிவிடுகிறது.

நடுவில் உதவுவது முதல் ஒலி. கரண்டியைக் காட்டிக் "க..." என்று எடுத்துக் கொடுத்தால் போதும், மீதி தானாக வரும். இல்லையென்றால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது: "மழை பெய்யுது, வெளிய போறேன், எடுத்துக் குடு அந்த..." என்று விட்டால் "குடை" வந்து விழும். ஆனால் எடுத்துக் கொடுக்கும் ஒலி சரியாக இருக்கவேண்டும். 1984-ல் டேவிட் ஹோவர்டும் ஆர்ச்சர்ட்-லைலும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். புலி படத்தைக் காட்டி, சிங்கத்தின் ஆங்கிலப் பெயருக்குரிய முதல் ஒலியைக் கொடுத்தால் அவர் சிங்கம் என்றார். புலியைத் தேடிய இடத்தில் சிங்கமும் பக்கத்திலேயே விழித்துத்தான் இருந்திருக்கிறது. ஆகவே பொறுமையில்லாத பிள்ளைகள் தோன்றிய எழுத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தால் குழப்பம்தான் கூடும். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் பேசுவது, ஆமா இல்லை என்று முடியும் கேள்வி கேட்பது, கையும் படமும் பயன்படுத்த விடுவது, இவையும் பெரிய உதவி. நீலகிரிக்காரர்களுக்கு மைசூரு ஒன்றும் தூரமில்லை. 1965-ல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் அங்கே இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்புக்குப் பயிற்சி பலன் தருகிறது என்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட விஷயம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்கப்புறம் மெதுவாகும், ஆனால் ஆண்டுகள் கழிந்தும் நிற்பதில்லை. "இவ்வளவுதான், இனிமே வராது" என்று ஒரு மருத்துவமனையில் எங்களிடம் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பயிற்சியை விட்டிருந்தால் கரண்டி இன்றும் கண்டரியாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது அத்தைக்குச் சமையல் சாமான்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. தோட்டத்துக் கருவிகள் வந்துவிட்டன. காய்கறிதான் பிடிவாதம் செய்கிறது. சொற்கள் வகை வகையாகக் கூட்டப்பட்டிருப்பதால் ஒரு வகை மட்டும் அடிபடுவதும் உண்டு. 1985-ல் அமெரிக்காவில் பதிவான ஒரு நோயாளி எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையின் பெயரைச் சொன்னார், மணிச்சட்டத்தின் பெயரைச் சொன்னார், பீச் பழத்தையும் ஆரஞ்சையும் காட்டினால் திகைத்து நின்றார். அத்தைக்கு அந்த அளவு இல்லை. காய்கறியைக் கையில் கொடுத்து, தடவி, மோந்து பார்க்கவிட்டு, எங்கே விளையும், எப்படி நறுக்குவோம் என்று பேசியபடி பெயர் கேட்கிறோம். கேரட் வருகிறது, உருளைக்கிழங்கு வருகிறது, முட்டைக்கோஸ் பாதி நாள் வருகிறது. நூக்கலுக்கு இன்னும் "நூ" என்று நாங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.